ஈசல் முதல் வரப்பெலி வரை: வேலூர்ப் பக்கம் காடு கழனியில் சிற்றுயிர் உணவு தேடும் முறை

காட்டில் மாட்டிக்கொண்டால் முயல் பிடித்துச் சுட்டுத் தின்னலாம் என்ற நினைப்போடுதான் புதிதாக வருகிறவர்கள் தொடங்குகிறார்கள். அந்த நினைப்பை முதலில் இறக்கி வைக்க வேண்டும். ஜவ்வாது மலைச் சரிவிலோ அமிர்திக் காட்டிலோ ஒரு முயலின் பின்னால் அரை நாள் அலைந்தால், அது அகப்பட்டாலும் செலவழித்த சக்தி திரும்பி வராது. வெயிலில் வடிந்த வியர்வைக்கு ஈடு சொல்லவும் முடியாது. இந்த மண்ணில் பசியைத் தாங்கவைப்பது சின்ன உயிர்கள்தான்: மழை விட்ட மாலையில் எழும்பும் ஈசல், வரப்பு நண்டு, ஏரி நத்தை, அறுவடை முடிந்த கழனியில் எலி, பனி ஈரத்தில் நகர மாட்டாத வெட்டுக்கிளி. இவை ஓடுவதில்லை, அல்லது ஓட முடியாத ஒரு நேரம் இவற்றுக்கு உண்டு. அந்த இடத்தையும் நேரத்தையும் தெரிந்துகொள்வதுதான் வேலையில் முக்கால் பங்கு. இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதும் அதுதான். அவர்கள் துரத்துவதில்லை. தடம் பார்த்து, வாயை அடைத்து, காத்திருந்து எடுக்கிறார்கள்.

வேலூர்ப் பக்கம் என்று இங்கே சொல்வது பழைய வட ஆற்காடு மாவட்டத்தை. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது; 2019இல் மீதியும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மண்ணும் மழையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கீழே உள்ளவை நான்கு மாவட்டங்களுக்கும் பொருந்தும்.

தண்ணீர் இல்லாமல் தின்ன வேண்டாம்

பூச்சியும் இறைச்சியும் பெரும்பாலும் புரதம். புரதம் செரித்த கழிவைச் சிறுநீரகம் வெளியே தள்ளத் தண்ணீர் வேண்டும். கையில் தண்ணீர் இல்லாதபோது இவற்றைத் தின்றால் தாகம் இன்னும் கூடும், உடம்பு இன்னும் வற்றும். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாங்குவதே பெரிது. சோறு இல்லாமலோ வாரக்கணக்கில் தாங்கலாம். அதனால் வழி தவறியவர் முதல் நாள் செய்ய வேண்டியது நிழல் பார்ப்பது, தண்ணீர் பார்ப்பது, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று 112க்கு அழைப்பது. ஜவ்வாது மலையில் ஊர்கள் பரவலாக இருக்கின்றன. சாமை, தினைக் கொல்லைகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று கண்ணில் பட்டால் எலி வளையைத் தேடாமல் அந்தப் பாதையைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, எலி, நண்டு மாதிரியான கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் நாள் கணக்கில் தின்றால் வயிறு நிறைந்தும் உடம்பு தளரும், பேதி பிடிக்கும். ஈசலில் கொழுப்பு உண்டு, அதனால்தான் அது உயர்ந்தது. மற்றவற்றோடு ஒரு கைப்பிடி தானியமோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ, கிழங்கோ சேர வேண்டும்.

இறால், நண்டு தின்றால் உடம்பில் தடிப்பு வருகிறவர்கள் ஈசலையும் வெட்டுக்கிளியையும் தொடக்கூடாது. ஓட்டுடலிகளுக்கும் பூச்சிகளுக்கும் புரதம் ஒரே வகை என்பதால் அதே ஒவ்வாமை இங்கேயும் வரும். இதுவரை பூச்சி தின்னாதவர் முதல் முறை நாலைந்து மட்டும் தின்று, சில மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எதைப் பிடிக்கக் கூடாது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 2022 திருத்தமும் முயல், உடும்பு, கௌதாரி, காட்டுக்கோழி, மயில், ஆமை என்று நம் பக்கத்தில் கண்ணில் படுகிற பெரும்பாலான உயிர்களை வேட்டையாடுவதைத் தடுக்கின்றன. உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குத் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பசித்தது என்பது அங்கே விலக்கு இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அதனால் பழகிக்கொள்ள விரும்புகிறவர் காட்டை விட்டு, உரியவரின் அனுமதியோடு கழனியிலும் கொல்லையிலும் பழக வேண்டும். பயிரைத் தின்னும் வயல் எலி, வரப்பு நண்டு, ஈசல், வெட்டுக்கிளி இவற்றுக்கு அந்தத் தடை இல்லை. எலியைப் பிடித்துக் கொடுத்தால் நிலத்துக்காரரே மகிழ்ந்து வழிவிடுவார்.

ஈசல்

சித்திரை, வைகாசியில் இடியோடு கோடை மழை கொட்டும் நாள்களும், ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை நல்ல மழை பெய்து விடும் நாள்களும் ஈசலுக்கு உரியவை. வெறும் தூறலுக்கு வராது. மண் ஒரு சாணுக்காவது நனைய வேண்டும். மழை விட்டு, காற்று நின்று, புழுக்கமாக இருக்கும் மாலையில்தான் எழும்பும். சில புற்றில் பொழுது சாய்ந்ததும், சிலவற்றில் நன்றாக இருட்டிய பிறகு, சிலவற்றில் விடியலுக்கு முன். ஒரு புற்றுக்கு என்ன நேரமோ அடுத்த மழைக்கும் பெரும்பாலும் அதே நேரம்தான். ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு கைவசம்.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல என்ற பழமொழி நேராகவே உண்மை. ஆகவே உயிருள்ள புற்று எது, கைவிட்ட புற்று எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். உயிருள்ள புற்றில் புது மண் பூசிய ஈரத் திட்டுகள் தெரியும், பெரிய திறந்த ஓட்டை இருக்காது. ஒரு ஓரத்தைக் குச்சியால் லேசாகச் சுரண்டினால் சில நிமிடத்தில் வேலைக்காரக் கறையான் வந்து அடைக்கத் தொடங்கும். வழுவழுப்பான வாயோடு பெரிய ஓட்டை இருந்தால், பக்கத்தில் பாம்புச் சட்டை கிடந்தால், அந்தப் புற்றை விட்டு விலக வேண்டும். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடும் புற்றையும் தொடக் கூடாது. அது ஊராரின் நம்பிக்கை, உள்ளே நாகமும் இருக்கலாம்.

எழும்பப் போகிற புற்றை மழை விட்ட உடனேயே கண்டுகொள்ளலாம். புற்றைச் சுற்றி ஐந்தாறு அடிக்குள் தரையில் சின்னச் சின்னப் பிளவுபோல வாய்கள் திறக்கும். அந்த வாய்களில் பெரிய தலையுள்ள சிப்பாய்க் கறையான்கள் வரிசையாகக் காவல் நிற்கும். அவற்றின் பின்னால் வெள்ளை இறக்கை மினுங்கினால் இன்னும் அரை மணியோ ஒரு மணியோதான். அந்த வாய்களை மிதிக்கக் கூடாது. காலடி அதிர்ந்தாலே அடைத்துவிட்டு வேறு பக்கம் திறக்கும். வேலையையெல்லாம் வாயிலிருந்து இரண்டடி தள்ளி நின்றே செய்ய வேண்டும்.

அமைப்பு இப்படி: வாய்களுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு முழ ஆழத்தில் குழி வெட்டி, அதில் குண்டானையோ பானையையோ இறக்க வேண்டும். அதன் விளிம்பு தரையோடு சமமாக, ஒரு விரற்கடை இறங்கியே இருந்தாலும் நல்லது. மேலே தூக்கி நின்றால் ஈசல் விளிம்பில் முட்டித் திரும்பும். அலுமினியக் குண்டான் மண்பானையைவிடச் சிறந்தது. உள்பக்கம் வழுக்கும், ஏறி வர முடியாது. பிறகு வளையும் புளிய மிலாறு அல்லது நொச்சிக் கொம்பு ஏழெட்டை வளைத்து நட்டு, வாய்களும் குண்டானும் ஒரே கூண்டுக்குள் வருமாறு இரண்டு முழ உயரக் கூடாரம் கட்ட வேண்டும். அதன்மேல் கம்பளி அல்லது இரண்டு மடிப்புப் பழைய சேலை. விளிம்பைச் சுற்றி மண்ணை அணைத்து மூட வேண்டும். குண்டான் இருக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு கை நுழையும் இடைவெளி. அந்த இடைவெளிக்கு நேரே வெளியே, குண்டானுக்குப் பின்னால் விளக்கு.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாய்க்கும் விளக்குக்கும் நடுவில் குண்டான் இருந்தால்தான் வெளிச்சத்தை நோக்கிப் பறக்கிற ஈசல் வழியில் விழும். அகல் விளக்கானால் துணிக்கு ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும், நனைந்த கம்பளியும் உள்பக்கம் காய்ந்தால் பற்றும். டார்ச் பாதுகாப்பானது. அதைக் குண்டானின் பின்விளிம்பிலிருந்து உள்ளே பார்த்துச் சரித்து வைத்தால் உலோகம் மினுங்கி இன்னும் நன்றாக இழுக்கும். அக்கம்பக்கத்தில் வீட்டு விளக்கு, தெருவிளக்கு எரிந்தால் கூட்டம் பாதி அங்கே போய்விடும்.

எழும்பத் தொடங்கியதும் சரசரவென்று காய்ந்த இலை உரசும் சத்தம் கேட்கும். அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். குண்டானில் தண்ணீர் ஊற்றி வைப்பவர்களும் உண்டு. தண்ணீரில் விழுந்தால் பறக்காது என்பது உண்மைதான், ஆனால் உடனே வறுக்காவிட்டால் இரண்டு மூன்று மணியில் நாற்றம் எடுக்கும். விறகு ஈரமாக இருக்கும் மழை இரவில் காய்ந்த குண்டானே நல்லது. மேலே ஈரத் துணி போட்டு மூடி வைத்தால் விடியும்வரை இருக்கும்.

இந்த நேரத்தில் நீங்கள் தனியாக இருப்பதில்லை. ஈசலைத் தின்னத் தேரை வரும், தேரையைத் தின்னப் பாம்பு வரும். குண்டானுக்குள் கை விடுமுன் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நிற்கக் கூடாது. புற்றை உடைத்து உள்ளேயிருந்து ஈசலைத் தோண்டி எடுக்க முயல்வது வீண். கூடு அழியும், அடுத்த மழைக்கு ஒன்றும் இருக்காது.

வறுப்பதற்கு எண்ணெய் வேண்டாம், அதுவே எண்ணெய் விடும். இரும்புச் சட்டியைச் சூடாக்கி, தீயைத் தணித்து, ஒரு விரற்கடைக்கு மேல் தடிமன் வராமல் போட்டு, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் இறக்கை சுருண்டு உதிரும். ஐந்தாறு நிமிடத்தில் உடல் பொன்னிறமாகி, நசுக்கினால் பொரிபோல நொறுங்கும். வறுத்த வேர்க்கடலை மணம் வரும்போது இறக்கிவிட வேண்டும், விட்டால் கசக்கும். ஆறியதும் முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். இறக்கையோடு தின்றால் தொண்டையில் ஒட்டும். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசிறி, வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் கலப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு கைப்பிடிதான், அதற்கு மேல் போனால் வயிற்றைக் கலக்கும். சேமிக்க வேண்டுமானால் வறுத்ததை இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். திறந்ததும் காறல் வாடை அடித்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

வரப்பு நண்டு

நெல் நட்ட கழனியின் வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் நண்டு வளை இருக்கும். வாயைச் சுற்றி சேற்று உருண்டைகளும், மண்ணில் பக்கவாட்டாகக் கீறிய கால்தடமும் அதன் அடையாளம். எலி வளையென்றால் பொடி மண் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் உள்ளே போக்குவரத்து இல்லை என்று பொருள். எந்த வளையானாலும் கை விடக் கூடாது. நண்டுக்காகக் கைவிட்டு நாகமோ விரியனோ கடித்தவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை.

கையில்லாமல் எடுக்க இரண்டு வழி. இரவில் டார்ச்சோடு போனால் நண்டு வெளியே வந்து வரப்போரத்தில் அசையாமல் நிற்கும், வெளிச்சத்தில் சற்று நேரம் திகைக்கும். அப்போது ஓட்டின் பின்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் கொடுக்கு எட்டாது. பகலில் என்றால் ஈர்க்குச்சி முனையில் மண்புழுவைக் கட்டி வளைக்குள் விட்டு ஆட்ட வேண்டும். கவ்வியதும் வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடும். மெல்ல, நின்று நின்று இழுத்தால் பிடிவாதமாகத் தொங்கிக்கொண்டே வரும். வயிற்றுப் பக்கத்து மடிப்பைத் திறந்து பார்த்து, குஞ்சோ முட்டையோ இருந்தால் திரும்ப விட்டுவிடுங்கள். அந்த ஒன்றுதான் அடுத்த போகத்துக்கு விதை.

மேல் ஓட்டைப் பிரித்து, இரு பக்கமும் பூப்போல இருக்கும் செவுளையும் கண்ணுக்குக் கீழுள்ள இரைப்பையையும் கழித்துவிட வேண்டும். நண்டு ரசத்துக்கு மீதியை அம்மியில் நசுக்கிப் பிழிந்து கொதிக்கவைப்பது வழக்கம். இங்கேதான் தவறு நடக்கிறது. நன்னீர் நண்டின் உடலில் நுரையீரலைத் தாக்கும் புழு இருக்கலாம். நசுக்கும்போது தெறித்த சாறு கையிலும் அம்மியிலும் ஒட்டும். ரசம் தளதளவென்று கால் மணி நேரமாவது கொதிக்க வேண்டும். அம்மியையும் கையையும் சுடுநீர் விட்டுக் கழுவும்வரை வேறெதையும் தொடக் கூடாது. நெருப்பில் வாட்டி, உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் நண்டைச் சப்புவது கூடவே கூடாது.

எந்தக் கழனி என்பதும் முக்கியம். குருத்துப்புழுவுக்குக் குருணை மருந்து போட்ட கழனியில் நண்டு தள்ளாடி நடக்கும், பகலிலேயே வெளியே கிடக்கும். சுலபமாக அகப்படுகிறதே என்று அள்ளக் கூடாது, அதுதான் எச்சரிக்கை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய பாலாற்றுப் படுகையிலும் அதன் ஓடைகளிலும் நண்டு, நத்தை, மீன் எதையும் எடுக்க வேண்டாம். அந்த மாசை எதிர்த்துப் போடப்பட்ட வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது நாடறிந்தது. ஆனால் குரோமியம் போன்ற உலோகம் சேற்றில் படிந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சேற்றைத் தின்னும் உயிரில் அது சேரும். கொதிக்கவைத்தால் புழு சாகும், உலோகம் போகாது.

நத்தை

ஏரி, குட்டை, கழனி நீரில் இருக்கும் பெரிய நத்தைதான் உணவு. அதற்கு வாயில் கெட்டியான மூடி உண்டு. தொட்டதும் உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் தோட்டத்துச் செடியிலும் சுவரிலும் ஏறும் நீள் கூம்பு வடிவப் பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கு அப்படி மூடி இல்லை. அதை வெறுங்கையால் தொடவே வேண்டாம். மூளையைத் தாக்கும் எலிப்புழுவை அது சுமக்கும். நீர்நத்தைக்கும் அந்த ஆபத்து இல்லாமலில்லை, அதனால் அரைவேக்காடு எங்கும் கிடையாது. கோடையில் ஏரி வற்றினாலும் நத்தை அங்கேயேதான் இருக்கும். மூடியை அடைத்துக்கொண்டு வண்டலுக்குள் புதைந்து கிடக்கும், மண்வெட்டியால் ஒரு சாண் கிளறினால் போதும்.

ஒரு நாள் நல்ல தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினால் வயிற்றுச் சேறு கழியும். மிதப்பதும் நாறுவதும் செத்தவை. உப்புப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, கருவேல முள்ளால் குத்தி முறுக்கி இழுத்தால் சதை வரும். முன்பக்கத்துக் கெட்டிச் சதை மட்டும் போதும்; பின்னால் சுருண்டு கருப்பாக வருவது குடல், அதை அறுத்துவிட வேண்டும். சாம்பலும் கல்லுப்பும் போட்டுக் கசக்கிக் கொழகொழப்பு போனபின் இன்னொரு முறை வேகவைத்துக் குழம்பில் போடலாம்.

எலி

இந்தப் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் மூன்று பட்டத்தில் விளைகிறது. ஒவ்வொரு அறுவடை முடிந்த இரண்டு மூன்று வாரம்தான் எலிக்கு நல்ல காலம். தின்று கொழுத்திருக்கும், மறைவு இருக்காது, வளையும் கண்ணுக்குத் தெரியும். மல்லாட்டை பிடுங்கிய கொல்லையும் அப்படித்தான். சாக்கடையோரப் பெருச்சாளியையும் வீட்டெலியையும் கணக்கில் எடுக்க வேண்டாம். உணவுக்கு உரியவை கழனி வரப்பெலியும் கொல்லைமேட்டு வெள்ளெலியும்.

தொடங்குமுன் நிலத்துக்காரரிடம் ஒரே கேள்வி: இந்த ஒரு மாதத்தில் எலி மருந்து வைத்தீர்களா, பக்கத்து நிலத்தில் யாராவது வைத்தார்களா? கருப்புத் தூளான சிங்க் பாஸ்பைடு எலியை அன்றே கொல்லும். மெழுகுக் கட்டியாக வரும் புரோமடியோலோன் அப்படியில்லை. அதைத் தின்ற எலி நாலைந்து நாள் நடமாடிவிட்டுத்தான் சாகும். நீங்கள் பிடிக்கும் நாளில் அது நன்றாகவே ஓடும், மருந்து ஈரலில் இருக்கும், வேகவைத்தாலும் போகாது. மருந்து வைத்த நிலம் என்றால் வேறு நிலம் பார்க்க வேண்டும். செத்துக் கிடந்த எலி, மந்தமாக நடக்கும் எலி, மூக்கில் ரத்தம் தெரியும் எலி எதுவும் ஆகாது.

வரப்பெலி தன் வளை வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்து வைக்கும். ஆகவே திறந்த ஓட்டையைத் தேடக் கூடாது, ஈரம் காயாத புது மண் குவியலைத் தேட வேண்டும். ஐயம் இருந்தால் மாலையில் எல்லா வாயையும் மண்ணால் மூடி மிதித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம். எது திறந்திருக்கிறதோ அதில்தான் குடியிருப்பு. ஒரு வளைக்கு நாலைந்து வாய் இருக்கும். வரப்பின் மறுபக்கத்தில், புல்லுக்கு அடியில், மேல்மண் மெல்லியதாக விட்டு வைத்த தப்பும் வாயும் ஒன்றிருக்கும். காலால் அழுத்திப் பார்த்தால் பொதுக்கென்று உள்ளே போகும். அதைக் கண்டுபிடிக்காமல் தோண்டத் தொடங்கியவர்தான் வெறுங்கையோடு திரும்புகிறவர்.

இருளர் முறை புகைமூட்டுவது. அடியில் விரல் நுழையும் ஓட்டை போட்ட மண்பானையில் காய்ந்த வைக்கோலும் சற்று ஈரமான இலையும் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளை வாயோடு பொருத்திச் சேற்றால் மெழுகி, அடி ஓட்டை வழியே ஊதுவார்கள். புகை எந்த எந்த வாயில் கசிகிறதோ அங்கெல்லாம் சேறு வைத்து அடைக்க ஒருவர் தயாராக நிற்க வேண்டும். ஒரே ஒரு வாயைத் திறந்து விட்டு, அதில் வலையையோ சாக்கையோ பொருத்துவது. பத்து நிமிடம் ஊதிய பிறகு எலி மயங்கி வாயருகே வரும், அல்லது அறையிலேயே கிடக்கும். பிறகு புகை போன தடத்தைப் பின்பற்றிக் கடப்பாரையால் தோண்டினால் போதும். புகையை உள்ளே இழுத்துவிட்டால் மயக்கம் வரும், ஊதுகிறவர் ஒவ்வொரு ஊதலுக்கும் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இதைச் செய்யக் கூடாது. வைக்கோல் போரும் காய்ந்த கரும்புச் சோகையும் அருகில் இருந்தால் புகையே வேண்டாம். இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினாலும் எலி வெளியே வரும்.

தோண்டும்போது பக்க அறை ஒன்றில் நெற்கதிர் அடுக்கிக் கிடக்கும். வரப்பெலி சேர்த்து வைத்த தானியம் அது. நல்ல வளையில் படிக்கணக்கில் கிடைக்கும். முன்பு சொன்ன தானியக் குறை இங்கேயே தீர்கிறது. அலசி, வெயிலில் காயவைத்து, வறுத்துக் குத்திச் சமைக்கலாம். பூசணம் பிடித்துக் கறுத்த மணியைக் கழித்துவிட வேண்டும். அறைக்குள்ளும் கைக்குப் பதில் களைக்கொட்டுதான் போக வேண்டும். எலி வளையில் பாம்பு தங்குவது வழக்கம்.

பிடித்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும், விரலில் ஒரு கீறல் போதும். கொன்றதும் முதல் வேலை கொதிநீரில் முழுதாக ஒரு நிமிடம் முக்குவது. செத்த உடல் குளிர்ந்தால் தெள்ளுப்பூச்சி அதை விட்டு உங்கள்மேல் ஏறும், கொதிநீர் அதைக் கொன்றுவிடும். பிறகு தீயில் மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, தலை, வால், பாதம் நீக்கி, வயிற்றைக் கத்தி நுனியால் மேலாகக் கீறிக் குடலை உடையாமல் எடுக்க வேண்டும். ஈரலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அந்த எலியையே புதைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டாலும் ஈரல் வேண்டாம். மஞ்சள், உப்புப் போட்டு அரை மணி நேரம் மூடி வேகவைத்த பிறகுதான் வறுவலோ குழம்போ. நேராகச் சுட்டால் வெளியே கருகி எலும்போரம் பச்சையாக நிற்கும்.

வெட்டுக்கிளியும், தொடக் கூடாதவையும்

மார்கழி, தை மாதங்களில் பொழுது விடியும் நேரம் போனால் புல்லில் பனி ஈரத்தோடு வெட்டுக்கிளி விறைத்து உட்கார்ந்திருக்கும், பூப்பறிப்பது போலப் பறிக்கலாம். வெயில் ஏறிவிட்டால் ஒன்றுக்குப் பத்து நிமிடம் துள்ள வேண்டும். தலையைத் திருகி இழுத்தால் குடலும் கூடவே வரும். இறக்கையையும் பின்னங்காலையும் கட்டாயம் பிய்க்க வேண்டும், அந்தக் காலின் முள் குடலில் மாட்டும். பிறகு சட்டியில் மொறுமொறுப்பாக வறுப்பது. மருந்தடித்து இரண்டு வாரம் ஆகாத கொல்லைப் பக்கம் போக வேண்டாம்.

எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமும் கோடு கோடாக உட்கார்ந்திருக்கும் அழகான வெட்டுக்கிளி விஷம். எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், பிடித்தால் பீச்சவும் செய்யும். துவரை, அவரை, பூசணிப் பூவில் மொய்க்கும் கருப்பில் செம்மஞ்சள் பட்டை போட்ட கொப்புள வண்டு இன்னும் கொடியது. தோலில் பட்டாலே கொப்புளம், சில வண்டு வயிற்றுக்குள் போனால் உயிரே போகலாம், வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. கம்பளிப்பூச்சி, மரவட்டை, முதல் மழைக்கு வரும் சிவப்புப் பட்டுப்பூச்சி, பிணத்திலும் சாணத்திலும் இருப்பவை எல்லாம் ஒதுக்க வேண்டியவை. மாந்தோப்பில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைத் தின்னலாம், புளிப்பாக இருக்கும். கடிக்கும் கடிக்கு அது காணாது.

திரும்பி வந்த பிறகு

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டி, கயிறு கழற்றி, 108இல் நேராக விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடம். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

புதருக்குள் குந்தி வளை தோண்டியவர்களுக்கு வேலூர்ப் பக்கம் இன்னொரு ஆபத்து உண்டு, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். புல் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடிப்பதால் வருவது; மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இங்கே அதிகம். முழுக்கை, முழுக்கால் உடை போட்டு, வந்ததும் உடையைச் சுடுநீரில் போட்டு, உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ் எல்லாம் தேடிப் பாருங்கள். பீடி சுட்ட தழும்பு போல, வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டி, புதரில் வேலை செய்ததையும் எலி தொட்டதையும் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரையை நேரத்தோடு தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமாலோடு ஒரு வாரம் கடத்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.